பெரும்பாம்புக்குக் காய்ச்சல்

பாம்பைக் கண்டு மனிதர்கள் நடுங்கிய கதைகளைப் பிள்ளைகள் நிறையக் கேட்டிருப்பீர்கள். பாம்பே நடுங்கி நான் பார்த்திருக்கிறேன். அதுவும் சின்னப் பாம்பல்ல, அன்றைய என் தொடையைவிடப் பருத்த மலைப்பாம்பு. எங்கள் பக்கத்தில் அதைப் பெரும்பாம்பு என்பார்கள். நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் அது நடந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து மலைப்பக்கம் போகிற ரோட்டில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அப்பா பால்வெட்டுக்காரர். விடிவதற்கு முன்பே போய் ரப்பர் மரங்களின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. அந்த வருஷம் மாசி மாதம், ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் பிலாமரத்தில் ஏறியவர் கொப்பு முறிந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து வீட்டுக்கு வந்தபோது, இடுப்புக்குக் கீழே இருந்தவை அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

வீட்டுக்குள் புழுக்கம் என்று, ரப்பர் ஷீட் காயப்போடுகிற புரையில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். தலைக்குமேல் கொடியில் ஷீட்டுகள் துவைத்த துணிபோல வரிசையாகத் தொங்கும். புளித்த வாடை அடிக்கும். அப்பாவுக்கு அது பழகிய வாடைதான். அம்மா அப்பாவின் கத்தியை எடுத்துக்கொண்டு, அவர் பால் வெட்டிவந்த மரங்களை வெட்டப் போனாள். பகலில் அப்பாவுக்குத் துணை நான்.

அவ்வப்போது ஆசான் வருவார். வர்மமும் உழிச்சலும் தெரிந்த வைத்தியரை எங்கள் ஊரில் ஆசான் என்றுதான் அழைப்போம். எண்ணெயைச் சூடாக்கி அப்பாவின் கால்களை மேலிருந்து கீழாக அழுத்தித் தடவுவார். அப்படித் தடவும்போது சில நாள் அப்பாவின் கால் தானாகத் துள்ளும். தொடைச் சதை துடிக்கும். பெருவிரல் மடங்கி நிமிரும். முதல்முறை அதைப் பார்த்தபோது அம்மா பால்வாளியை நடுப்புரையில் அப்படியே வைத்துவிட்டு, "கர்த்தாவே, அசையுது" என்று சொல்லி அழுதாள். அதிலிருந்து அதுதான் எங்கள் வீட்டின் நல்ல செய்தி. யார் பார்க்க வந்தாலும், இன்றைக்கும் கால் அசைந்தது என்று நானே முந்திக்கொண்டு சொல்வேன். அப்பா வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒருநாள் அம்மா ஆசானிடம், இனி எப்போது எழுந்து நடப்பார் என்று கேட்டாள். ஆசான் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். பிறகு சொன்னார்:

"பெரும்பாம்புக்க நெய்யி கெடச்சா நரம்பு எழும்பும். இந்தக் காலத்தில அதுக்கு எங்க போவ?"

கிடைக்காது என்று தெரிந்துதான் அவர் அந்த மருந்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அது எங்கள் கய்யாலைக்குள்ளேயே வந்து குடியிருந்தது.

கய்யாலை என்றால், மேட்டு நிலம் சரிந்துவிடாமல் இருக்கக் கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய கரை. புரைக்கு எதிரே அப்படி ஒன்று இருந்தது. அதன் அடியில், எப்போதோ ஒரு முள்ளம்பன்றி தோண்டிவிட்டுப் போன பெரிய பொந்து. பெரும்பாம்பு தனக்கென்று வளை தோண்டாது. மற்றவர்கள் விட்டுப்போன இடத்தில் புகுந்துகொள்ளும். ஆடு தேடிப் போன இடத்தில், அந்தப் பொந்துக்குப் பக்கத்துப் புல்லில் ஒரு பாம்புச்சட்டை கிடந்தது. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவிடம் வந்தேன்.

அன்று மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி, துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். கோடாலித் தைலம், களிம்பு, வலிநீக்கி என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் அப்பாவின் காலில் பூசிப் பார்த்துவிட்டு, இனி எதைப் பூசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சட்டையை அப்பா தன் பக்கத்தில் நீட்டிப் போடச் சொன்னார். தலைமாட்டில் தொடங்கி, கால்மாட்டைத் தாண்டி, மிச்சம் தரையில் தொங்கியது.

"அத்தான், இவருக்கு இந்தக் கட்டிலு காணாது. டபுள் கட்டிலு வாங்கணும்" என்றார் மாமா.

அப்பா அதை விரலால் தடவிப் பார்த்தார். உதட்டுப் பக்கத்தில், ஊசியால் குத்தினதுபோல வரிசையாகக் குழிகள். அந்தக் குழிகளால்தான் பெரும்பாம்பு இருட்டில் இரை தேடுகிறது. கண் தெரியாத இருட்டிலும், ஓர் எலியின் உடம்புச் சூடு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவை காட்டிக்கொடுக்கும். அடுத்து அப்பாவின் விரல் வால் தொடங்குகிற இடத்துக்கு வந்து நின்றது. இரண்டு பக்கமும் சின்னதாக, நகம் இருந்த அடையாளம்.

"இது எதாக்கும்?"

"பண்டு அதுக்குக் காலு இருந்த எடம்னு சொல்லுவினும்" என்றார் மாமா. சொன்ன பிறகு அப்பாவின் கால்களைப் பார்த்தார். உடனே பேச்சை மாற்றி, "எலே, இத எங்கலே கண்டே? வா, காட்டு" என்று என்னை எழுப்பினார்.

மாமா சொன்னது உண்மைதான். பெரும்பாம்பின் மூதாதைகளுக்குக் கால் இருந்தது. கால் போன பிறகும் அந்த இரண்டு நகங்கள் மட்டும் போகவில்லை.

பொந்தின் வாய் அகலமாக இருந்ததால், எதிரே உள்ள பாறையில் ஏறி நின்றால் காலை வெயிலில் உள்ளே தெரிந்தது. தலையில் சுமை வைக்கச் சும்மாடு சுற்றுவோமே, அப்படிச் சுற்றிக்கொண்டு கிடந்தது. தலையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தது. சுருளின் இடுக்கில் வெள்ளையாக முட்டைகள். மாமா என் கையை இறுகப் பிடித்திருந்தார். பயத்தினால் என்று நினைத்தேன். திரும்பி ஓடும்போதுதான் தெரிந்தது, அது சந்தோஷம்.

"அக்கா, அத்தான் எழும்பியாச்சுன்னு வச்சுக்கோ" என்று வாசலிலிருந்தே சொன்னார்.

அம்மா மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா எழுந்து நடந்து, பள்ளிக்கூடம் திறக்கிற அன்று என்னோடு ரோடுவரை வருவதாக அப்போதே நினைத்துக்கொண்டேன்.

அப்பாதான், "முட்டையிட்டுக் கெடக்குதுல்லா லேய்?" என்றார்.

"அதனாலதான் வசதி. முட்டைக்குக் காவலு கெடக்கு, எங்கயும் ஓடாது."

"அட காக்குதோ என்னவோ."

"பாம்பு எங்க அட காக்க? கோழிக்குன்னா மேலு சூடு. பாம்புக்க மேலு பச்சத்தண்ணியில்லா." மாமா சிரித்தார். "நீங்க ஒண்ணும் பேசாண்டாம் அத்தான். ஃபாரஸ்ட்காரன் அறிஞ்சா நான் உள்ள போறேன். நீங்க எழும்பினா போரும்."

பெரும்பாம்பைத் தொடுவது குற்றம் என்பது அப்போதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் மாமா ஆள் பார்த்தார், கவட்டைக் கம்பு வெட்டினார், சாக்கு எடுத்து வைத்தார். பாம்பைக் கொன்று கொழுப்பை உருக்கி நெய் எடுக்கிற முறையை ஆசானிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், அவர் வரட்டும் என்று காத்திருந்தார்.

அந்த இடைவெளியில் அப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கட்டிலில் கிடந்தபடி அவருக்குக் கய்யாலை தெரியும், பொந்தின் உள்ளே தெரியாது. காலையிலும் உச்சிப்பொழுதிலும் நான் பாறையில் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். "கிட்ட போவாண்டாம் மக்களே. நின்ன எடத்தில நின்னு பாத்துட்டு வா" என்பார்.

நான் சொன்னதெல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. அப்படியே கிடக்கிறது. இரை எடுக்கப் போகவில்லை. எங்கள் ஆட்டுக்குட்டி கிட்டே போயும் தலையைத் திருப்பவில்லை. இதில் அப்பாவுக்குக் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு அலுப்பாக இருந்தது. பிறகு ஒருநாள் சாயங்காலம் கோடைமழை கொட்டி, மறுநாள் காலையும் விடாமல் தூறியது. ரப்பர் மரங்களில் வெட்டு இல்லை. குடையோடு போய்ப் பாறையில் நின்றேன்.

பாம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

விக்கல் எடுத்தவன் உடம்பு தூக்கிப் போடுமே, அதுபோல. ஆனால் ஒரு சுருளில் அல்ல, எல்லாச் சுருளிலும், ஒரே சீராக. தோல் இழுபட்டு இழுபட்டு விட்டது. தலை மட்டும் ஆடாமல் கிடந்தது. நான் ஓடிவந்து, "அப்பா, பாம்புக்கு விறையலு" என்றேன்.

அப்பா தலையைத் தூக்க முயன்றார். "நல்லா பாத்தியா? மூச்சு விடுதா இருக்கும்."

"இல்லப்பா. விறைக்குது. காய்ச்சக்காரனுக்கு விறைக்கது மாதிரி."

உச்சியில் மழை விட்டு வெயில் வந்ததும் மறுபடி அனுப்பினார். நடுக்கம் குறைந்திருந்தது. மறுநாள் நல்ல வெயில், நடுக்கமே இல்லை. அடுத்த மழைக்கு மறுபடியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பா, வெயிலா மழையா என்று கேட்டுக்கொண்டார். கட்டிலில் கிடக்கிறவருக்கு அதுகூடவா தெரியாது என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விறைக்கதை மாமாகிட்டயும் சொல்லு மக்களே" என்றார்.

சொன்னேன். "துபாயில ஏசி ரூமில கெடந்தா எனக்கும் அப்பிடித்தான்லே விறைக்கும். பொந்துக்குள்ள ஏசி போட்டிருக்கோ?" என்று மாமா கேலி செய்தார். ஆனாலும் மழையில் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது கேலி செய்யவில்லை.

ஆசான் வந்தார். மாமா கவட்டைக் கம்பையும் சாக்கையும் காட்டி விவரம் சொன்னார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா ஆசானின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"ஆசானே, தீனம் பிடிச்ச பாம்புக்க நெய்யி எடுக்கலாமா? இதுக்கு விறையலாக்கும்."

ஆசான் அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். பெரியவர்கள் இரண்டு பேர் அப்படி வெகுநேரம் பார்த்துக்கொண்டால் நமக்கு எதுவும் புரியாது, ஆனால் ஏதோ நடக்கிறது என்று தெரியும்.

"ஆவாது" என்றார் ஆசான். "எடுத்தா அந்த விறையலு ஆளுக்கு வரும்."

மாமாவின் கை சாக்கை விட்டுவிட்டது. அப்பா நடப்பதற்கு இருந்த ஒரே வழி கண்முன்னால் மூடுகிறது என்று மட்டும் புரிந்தது. அந்தப் பாம்பை எல்லோரையும்விட அதிகம் பார்த்தவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"பொய்யி ஆசானே, அதுக்குத் தீனம் இல்ல. வெயிலடிச்சா விறைக்கவே செய்யாது. மழைக்கு மட்டுந்தான் விறைக்கும். நான் பாத்தேன்."

மாமா நிமிர்ந்தார். அம்மா ஆசானைப் பார்த்தாள். அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

ஆசான் என் பக்கம் திரும்பி, வேகம் இல்லாமல் சொன்னார்: "வந்து வந்து போவும்லா பிள்ளே? அதுதான் முறைக்காய்ச்சலு. காய்ச்சலிலயே மோசமானது."

மாமா வெளியே போய், வெட்டிவைத்த கம்பைச் சிறுசிறு துண்டாக முறித்தார். முறித்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அப்பா உள்ளிருந்து கூப்பிட்டார்.

"லேய், எதுக்கு மழையில நிக்க? உள்ள வந்து இரி."

மாமா வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆசான் காலைத் தடவத் தொடங்கினார். கால் துள்ளியது. "கண்டியா, அசையுது" என்று அம்மா கண்ணைத் துடைத்தாள். "ஆமா, அசையுது" என்றார் அப்பா.

பிள்ளைகளே, உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாம்புக்குக் காய்ச்சல் இல்லை. பாம்பின் உடம்பு குளிர்ந்தது என்று மாமா சொன்னது சரிதான். வெயிலில் கிடந்துதான் பாம்புகள் சூடு வாங்கும். ஆனால் முட்டையைச் சுற்றிக் கிடக்கிற பெரும்பாம்புத் தாய் மட்டும், குளிர் வரும்போது தன் சதையைத் தானே உதறி உதறிச் சூட்டை உண்டாக்கி முட்டைக்குக் கொடுக்கும். மழை வந்தால் உதறும், வெயில் வந்தால் நிறுத்தும். முட்டை பொரிகிற வரைக்கும் இரை எடுக்காது, உடம்பு வற்றிப்போகும். இதெல்லாம் நான் வளர்ந்து, காட்டு இலாகாவில் வாட்சராகச் சேர்ந்த பிறகு அறிந்தது. எழுதப் படிக்க மட்டும் தெரிந்த அப்பா, கட்டிலில் கிடந்தபடி, என் கண்ணை வைத்தே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. முதுகெலும்பில் நரம்பு அறுந்துபோன கால் தொட்டால் துள்ளும். அது குணமாவதன் அடையாளம் அல்ல. ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆசானுக்கும் அது தெரியாமல் இருக்காது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் எனக்கும்தான் தெரியாது.

மாமா லீவு முடிந்து போனார். போகும்போது அப்பாவிடம், அடுத்த லீவுக்குள் நல்ல பாம்பாக ஒன்று கிடைக்கும் என்றார். அப்பா சரி என்றார். பள்ளிக்கூடம் திறந்தது. ரோடுவரை நான் தனியாகத்தான் போனேன். பாம்பின் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. இருந்தாலும் காலையில் பாறையில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்வதை அப்பா நிறுத்தச் சொல்லவில்லை.

ஆனி மாதம், மழை தூறிய ஒரு காலை. முந்தின நாட்களிலேயே முட்டைகள் பிளேடால் கீறினதுபோலக் கிழிந்து, குட்டிகளின் தலைகள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. அன்று நான் போனபோது பாம்பு சுருளை அவிழ்த்து வெளியே வந்துகொண்டிருந்தது. வளையாமல் நெளியாமல், யாரோ மறுமுனையில் கயிற்றை இழுப்பதுபோல நேராக ஊர்ந்தது. தோல் தொளதொளவென்று இருந்தது. முதுகெலும்பு வரப்புப்போலத் துருத்தித் தெரிந்தது. தோட்டத்தைக் கடந்து ஓடைப்பக்கம் இறங்கி மறைந்துவிட்டது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் இப்படித்தான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பாறையிலிருந்து இறங்கினேன். கிட்டே போகக்கூடாது என்று அப்பா சொன்னது நினைவில் இருந்தது, ஆனாலும் போனேன். குட்டிகள் எதுவும் இல்லை. பழைய காகிதம்போல நைந்த முட்டைத்தோல்கள். அவற்றோடு ஒட்டிக்கொண்டு, பொரியாத முட்டை ஒன்று. பிய்த்து எடுத்தேன். கோழிமுட்டைபோல ஓடு இல்லை, தோல்போல அமுங்கியது. மழையில் என் விரல்கள் விறைத்திருந்தன. முட்டை சூடாக இருந்தது.

அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு புரைக்கு ஓடினேன். அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் இரண்டு கையாலும் பொத்தினார். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"சூடு" என்றார்.

"பாம்புக்க காய்ச்சலாப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமா மக்களே. காய்ச்சலுதான்."

நான் முட்டையை வாங்கினேன். எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. நெய்யில் இருக்கிறது முட்டையிலும் இருக்காதா? "அப்பா, காலில வச்சுப் பாக்கட்டா?" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்பா மல்லாந்து கிடந்தார். அவருக்குத் தன் கால்கள் தெரியாது. போர்வையை விலக்கி, உள்ளங்காலில் முட்டையை அழுத்தி வைத்தேன். கால் சட்டென்று துள்ளியது. முட்டை உருண்டு கட்டிலின் ஓரத்துக்கு வந்தது. விழுவதற்குள் பிடித்துவிட்டேன்.

"சூடு தெரியுதாப்பா?" என்று கேட்டேன்.

"தெரியுது மக்களே" என்றார் அப்பா, கூரையைப் பார்த்தபடி. "நல்ல சூடு."

முட்டை என் கையில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, அப்பாவுக்குக் காலில் சூடு தெரிகிறது என்று அம்மாவிடம் சொல்ல, மழையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடினேன்.